பழைய வீடும் புது மேஸ்திரியும்: காண்ட்ராக்ட் விடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழைய வீட்டை இடித்துத் திருத்திப் பார் என்று ஏனோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் இரண்டும் சுலபம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்! புது வீட்டுக்கு பிளான் இருக்கும், காலி மனை இருக்கும், எங்கே என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரியும். பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக ரிப்பேருக்கு வருகின்றன. ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போட வேண்டும், ஹாலைப் பெரிசாக்க வேண்டும், வீட்டோடு சேர்த்து ஒரு பாத்ரூம் வேண்டும், பையனுக்குக் கல்யாணம் வைப்பதற்குள் மாடியில் ஒரு ரூம் வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? மக்காச்சோளம், பருத்தி விற்ற காசு, அம்மாவின் நகைக்கடன், அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அத்தனை பாடுபட்டுச் சேர்த்த பணம் இரண்டே இரண்டு வாக்கியத்தில் கை மாறிவிடுகிறது.

"பாத்து செஞ்சு குடுங்க மேஸ்திரி."

"அதெல்லாம் பாத்துக்கலாங்க, நம்ம வீடு மாதிரி."

நம் ஊர்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் ஒப்பந்தப் பத்திரம்! மூன்று மாதம் கழித்து "நீங்க சொன்னது வேற", "நான் ஒத்துக்கிட்டது வேற" என்று ஆரம்பிக்கும். வேலை பாதியில் நிற்கும். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். அந்த நேரத்தில்தான் நம்மைத் தேடுவார்கள்: "ஏம்பா, நீ டிப்ளமோதானே படிக்கிற? இது சரியான்னு பாரு." சிவில் படிக்கிறவனா, எலக்ட்ரிகல் படிக்கிறவனா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அப்படிக் கேட்கும்போது பாதி வீடு இடிந்து கிடக்கும். முதல் கடப்பாரை விழுவதற்கு முன்னாலேயே நாம் போய்ச் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை.

மூன்று வகை ஒப்பந்தம்

நம் பக்கத்தில் வேலை விடுவது மூன்று விதம். முதலாவது நாள் கூலி. கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று தலைக்கு இவ்வளவு. சாமானும் நம்முடையது, மேற்பார்வையும் நம்முடையது. சின்னச் சின்ன ரிப்பேருக்கு இது சரி. நாள் அதிகமானால் செலவும் அதிகம் என்பதால் தினமும் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

இரண்டாவது லேபர் காண்ட்ராக்ட். சிமெண்ட், மணல், கம்பி, செங்கல் எல்லாம் நாம் வாங்கித் தருவோம். வேலைக்கு மட்டும் மேஸ்திரி ஒரு தொகை பேசிக்கொள்வார். சாமான் தரம் நம் கையில் இருக்கும். ஆனால் கலவை வீணாவதைப் பற்றி மேஸ்திரிக்குக் கவலை குறைவு. அது அவர் காசு இல்லையே!

மூன்றாவது சாமானோடு சேர்த்து முழுக் காண்ட்ராக்ட். சாவியைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். தலைவலி குறைவு. ஆனால் இங்கே சாமானைக் குறைத்தால் லாபம் காண்ட்ராக்டருக்கு. அதனால் என்ன பிராண்டு, என்ன கலவை, என்ன கனம் என்று எழுதாமல் முழுக் காண்ட்ராக்ட் விடவே கூடாது.

சதுர அடி ரேட் என்னும் மாயம்

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. புது வீட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் ஒரு சராசரி கிடைக்கிறது.

பழைய வீட்டுக்கு அப்படி ஒரு சராசரி கிடையாது. 600 சதுர அடியுள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பூச்சை மட்டும் செதுக்கிப் பூசினால் போதும். இன்னொன்றில் தளத்துக் கம்பி துருப்பிடித்து, ஒயரிங் முழுக்கக் கருகிப்போய், பாத்ரூம் குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. தரையின் பரப்பு ஒன்றுதான், வேலை நாலு மடங்கு. இரண்டுக்கும் ஒரே சதுர அடி ரேட் சொல்லும் காண்ட்ராக்டர், பிறகு "எக்ஸ்ட்ரா" என்று கேட்பார். அல்லது வேலையைக் குறைப்பார். மூன்றாவது வழி அவருக்கும் இல்லை.

அதனால் புதுப்பிக்கும் வேலைக்கு ஐட்டம் ரேட்தான் நியாயம். இடிப்பது இத்தனை கன அடி, செதுக்கிப் பூசுவது இத்தனை சதுர அடி, தரை டைல்ஸ் இத்தனை சதுர அடி, ஒயரிங் இத்தனை பாயிண்ட் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ரேட் எழுத வேண்டும். நம் எஸ்டிமேட்டிங் பாடத்தில் மார்க்குக்காகப் போடுகிற அதே அட்டவணைதான்! மூன்று பேரிடம் ஒரே அட்டவணையைக் கொடுத்து ரேட் கேட்டால்தான் ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் ஒருவர் பெயிண்டோடு சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் பெயிண்டை விட்டுவிட்டுச் சொல்வார். குறைந்த தொகை சொன்னவர் மலிவு என்று நாம் ஏமாந்துபோவோம்.

முதலில் வீட்டைப் படியுங்கள்

டாக்டர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. அதுபோல வீட்டைப் பார்க்காமல் ரேட் பேசக்கூடாது.

விரிசல்: குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் பக்கம் கரிசல் மண் அதிகம். மழையில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கி வாய் பிளக்கும். மேலாக அஸ்திவாரம் போட்ட வீடு இந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதில் வரும் விரிசல் சித்திரை, வைகாசியில் அகலமாகவும், ஐப்பசி மழைக்குப் பிறகு குறுகியும் தெரியும். இதற்கு மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் பல்லிளிக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அகலம் மாறிக்கொண்டே இருந்தால் காரணம் கீழே இருக்கிறது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வழி செய்வது, சுவர் ஓரமாகச் சரிவான தளம் போடுவது என்று அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் கட்டிய வீட்டுக்கு இந்த வைத்தியம் தேவைப்படாமலே போகலாம். ஒரு ஊர் மேஸ்திரி சொல்வது இன்னொரு ஊருக்கு அப்படியே பொருந்தாது.

துரு: தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். கம்பி துருப்பிடித்துப் பெருக்கும்போது கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தில் அப்படியே கலவையை அப்பினால் துரு உள்ளேயே வளரும். தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே மேல்வேலை. கம்பி பாதியாக இளைத்துப்போயிருந்தால் மேஸ்திரியும் நாமும் முடிவு செய்யும் விஷயம் இல்லை. ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

தாங்கும் சுவர்: பழைய வீடுகளில் பில்லர் கிடையாது, ஒன்பது அங்குலச் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. "இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் ஜம்முனு இருக்கும்" என்று சொல்வது சுலபம். முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அது பலம் பெற்ற பிறகுதான் சுவரைத் தொடலாம். அதேபோல் மண் கலவையில் கட்டிய சுவர் மேல் மாடி எழுப்புவதை யாராவது "ஒண்ணும் ஆகாது" என்றால், அவர் எழுத்தில் கொடுப்பாரா என்று கேளுங்கள். மாடி ரூமுக்கு உள்ளாட்சியில் பிளான் அனுமதியும் வாங்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர்: சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுபாவம் உள்ளது. அதன் மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே தங்கி, சில வருஷத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடப்பதால்தான் அரியலூர் சிமெண்ட் ஊரானது. சுற்றிலும் சிமெண்ட் ஆலை இருப்பதால் எல்லா நோய்க்கும் சிமெண்ட்தான் மருந்து என்று நினைத்துவிடக்கூடாது.

ரேட் பேசுவதற்கு முன்னால் சந்தேகமான மூன்று நான்கு இடங்களில் பூச்சைக் கொஞ்சம் செதுக்கிப் பார்த்துவிடுங்கள். அரை நாள் கூலியோடு போகிற வேலை. பின்னால் வருகிற "எக்ஸ்ட்ரா" சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

காண்ட்ராக்டர் காட்டுகிற புது வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். புது பெயிண்டில் எல்லா வீடும் அழகுதான். இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிய ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். தளத்தில் ஒழுகுகிறதா, பாத்ரூம் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கடைசிப் பணம் குடுத்த பிறகு கூப்பிட்டா வந்தாரா?"

இப்போது அவர் கையில் எத்தனை சைட் ஓடுகிறது என்றும் கேளுங்கள். நாலு சைட்டுக்கு ஒரே செட் ஆள் வைத்திருந்தால் நம் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை நடக்கும். ஒயரிங் வேலைக்கு அரசு லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும் என்பதை நம் எலக்ட்ரிகல் நண்பர்கள் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

தாளில் என்ன எழுத வேண்டும்?

பெரிய வக்கீல் பத்திரம் தேவையில்லை. இரண்டு பக்கத் தமிழ் போதும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. எந்தெந்த வேலை, என்ன அளவு, என்ன ரேட். எது இதில் சேராது என்பதும்.

2. சாமான்: சிமெண்ட், கம்பி, ஒயர், பைப் என்ன பிராண்டு. பூச்சுக்கு என்ன மணல், கான்கிரீட்டுக்கு என்ன மணல். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வந்தால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதிவிடுங்கள்.

3. கலவையும் கனமும்: பூச்சு 12 மி.மீ., 1:5 என்பது மாதிரி.

4. அளக்கும் முறை: கதவு, ஜன்னல் கழிவு பற்றித்தான் கடைசியில் தகராறு வரும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1200, பூச்சு வேலையில் அரை சதுர மீட்டருக்குள் உள்ள திறப்புக்குக் கழிவு இல்லை என்கிறது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. ஏழுக்கு மூன்றடிக் கதவு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். ஆகவே ஒரு பக்கக் கழிவு. இதை முதலிலேயே எழுதிவிட்டால் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

5. எக்ஸ்ட்ரா வேலை: உள்ளே பிரித்த பிறகு புதிதாக எது தெரிந்தாலும், போட்டோ எடுத்து, அளவும் தொகையும் பேசி எழுதிய பிறகே தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு வார்த்தை வாங்கி வைத்தாலும் பிறகு உதவும்.

6. ஆரம்ப தேதி, முடிவு தேதி. மழையால் நின்ற நாளுக்கு எப்படிக் கணக்கு என்பதும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையைப் பிரிக்கிற மாதிரி தேதி போடாதீர்கள்.

7. இடித்த சாமான் யாருக்கு? பழைய தேக்கு நிலை, உத்தரம், ஓடு எல்லாம் காசு. குப்பையை அள்ளும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சனிக்கிழமைக் கணக்கு

பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் சனிக்கிழமை சாயந்தரம் கூலி. சின்னக் காண்ட்ராக்டர் பலருக்குக் கையில் முதல் கிடையாது. ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் அழைத்து வந்திருப்பார். நாம் கொடுக்கும் அட்வான்ஸ் போன சைட்டின் பாக்கியை அடைக்கப் போகும். நம் வீட்டை முடிக்க அடுத்த சைட்டின் அட்வான்ஸ் வர வேண்டும். அடுத்த சைட் கிடைக்காவிட்டால் நம் வீடு நின்றுவிடும். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, சங்கிலி அப்படி!

இந்தச் சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் டேப்பைப் பிடித்து முடிந்த வேலையை அளந்து நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமை அந்த அளவுக்குத்தான் பணம். அட்வான்ஸ் பத்து சதத்துக்கு மேல் போக வேண்டாம். சாமானுக்கு என்று கேட்டால் கடைக்காரருக்கே நேராகப் பணம் கொடுத்து பில் வாங்குங்கள். முடிவில் ஐந்து சதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வையுங்கள். அரசு வேலைகளிலும் பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துப் பிறகுதான் விடுவிக்கிறார்கள். ஆனால் பிடிப்பது எவ்வளவு, திருப்பித் தரும் தேதி எது என்று தாளில் இருக்க வேண்டும். அளந்த வேலைக்குச் சனிக்கிழமை தவறாமல் பணம் தருவது நம் கடமை. சித்தாள் வீட்டு அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது.

வேலை நடக்கும்போது

கணக்கு தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். 1000 சதுர அடிச் சுவரை 12 மி.மீ. கனத்தில் 1:5 கலவையில் பூச எத்தனை மூட்டை? பரப்பு 92.9 சதுர மீட்டர். கனத்தால் பெருக்கினால் 1.11 கன மீட்டர். மேடு பள்ளத்துக்கு 20 சதம் கூட்டினால் 1.34. உலர்ந்த சாமானாக 1.3 மடங்கு, அதாவது 1.74. இதில் ஆறில் ஒரு பங்கு சிமெண்ட்: 0.29 கன மீட்டர், ஏறக்குறைய 418 கிலோ. எட்டு முதல் ஒன்பது மூட்டை ஆகும். அந்தச் சுவர் ஐந்து மூட்டையில் முடிந்திருந்தால் கலவை 1:9க்குப் போய்விட்டது, அல்லது கனம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். காலி மூட்டையை எண்ணினாலே தெரிந்துவிடும்.

கம்பிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லி மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 10 மி.மீ. கம்பி 7.4 கிலோ, 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ. தராசு பொய் சொல்லாது.

ஐ.எஸ். 456:2000படி கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பி.பி.சி.தான் அதிகம் புழங்குகிறது. நாலரை மீட்டர் அகலம் வரை உள்ள தளத்துக்கு முட்டை 7 நாளுக்கு முன்னும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளுக்கு முன்னும் எடுக்கக் கூடாது. இது சாதாரண சிமெண்ட் கணக்கு; பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் பொறுப்பது நல்லது. "பலகை அடுத்த சைட்டுக்கு வேணும் தம்பி" என்பார்கள். விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிப்பது யார்? அங்கேதான் அந்த இரண்டு பக்கத் தாள் பேசும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது. வீடு கட்டித் தருவதும் "சேவை" என்று 1993ல் அதில் சேர்க்கப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் வருஷச் சட்டம். குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2016ஆம் வருஷத்து ரெரா சட்டத்தில் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். விற்பனைக்கு இல்லாத புதுப்பிப்பு வேலைக்கு அதில் பதிவு தேவையில்லை. அந்தக் கதவு நமக்குத் திறக்காது. ஆகவே நோட்டு, பில், போட்டோ, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு சட்டமும் ஞாபகம் இருக்கட்டும். 1994ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. நம் வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் எழுத உதவுங்கள். பழைய சுவரை இடிக்கும் வேலையில் ஆபத்து அதிகம். விபத்து நடப்பதற்கு முன்பே பதிவு செய்திருப்பது நல்லது.

நண்பர்களே! இதையெல்லாம் படித்துவிட்டு மேஸ்திரி என்றாலே திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்குத் தெரியாத நுணுக்கம் நூறு அவர் கையில் இருக்கிறது. ரசமட்டத்தை வைக்கும் முன்பே கண்ணால் மட்டம் சொல்லும் மேஸ்திரிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவரிடம் இல்லாதது எழுத்தும் கணக்கும். அது நம்மிடம் இருக்கிறது. தாள் எழுதினால் அவருக்கும் லாபம்தான். செய்த எக்ஸ்ட்ரா வேலைக்குக் காசு வராமல் ஏமாந்த மேஸ்திரிகளும் நம் ஊரில் குறைவில்லை. படிப்பை முடித்ததும் நம்மில் பலர் அதே காண்ட்ராக்டர் இடத்தில்தான் நிற்கப்போகிறோம். அப்போது வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினால் கோபப்படாமல் வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போடுகிற ஆளாக நாம் இருக்க வேண்டும்.

இந்த லீவில் ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது ரிப்பேர் பேச்சு நடந்தால், ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். "மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க, அளந்து எழுதிடலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவரும் டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்வார்.